குடும்ப மருத்துவரும் நம் இல்லத்து நலமும்

நாம் மருத்துவரை எப்போது நாடுகிறோம்? காய்ச்சல் கண்டால் நாடுகிறோம். வயிறு நொந்தால் நாடுகிறோம். குழந்தை இருமினால் இரவென்றும் பாராமல் ஓடுகிறோம். உடம்பில் துன்பம் ஒன்றும் தோன்றாத நாளில் மருத்துவமனைப் படியை மிதிப்பதில்லை. தொற்று நோய்கள் மலிந்திருந்த காலத்திற்கு இப்பழக்கம் ஒருவாறு போதியதாக இருந்தது. இன்று நம் இல்லங்களில் அகால மரணத்தை விளைவிக்கும் நோய்கள் வேறு வகையின. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வலியின்றி வருவன. பல ஆண்டுகள் உள்ளே குடியிருந்து, இரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் கண்ணையும் அரித்த பின்னரே தம் இருப்பை அறிவிப்பன. ஆகவே, நோய் வந்த பின் மருத்துவரைத் தேடும் நம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

ஓர் உறவினரின் கதை

நமக்கு நெருங்கிய உறவினர் ஒருவர், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, ஆசிரியப் பணியின் பொருட்டுச் சேலத்தில் குடியேறியவர். புலால் அறியாதவர், புகையும் மதுவும் தீண்டாதவர், கதிரவன் மறைந்தபின் உணவு கொள்ளாதவர், மெலிந்த உடலினர். ஐம்பத்திரண்டாம் வயதில் ஒரு விடியற்காலை அவர் மார்பில் பாரம் ஏற்றியது போன்ற அழுத்தம் உண்டாயிற்று. வாயுத் தொல்லை என்றெண்ணி ஓமநீர் பருகி இரண்டு மணி நேரம் படுத்திருந்தார். மருத்துவமனையை அடைந்தபோது காலம் கடந்துவிட்டது.

ஈமக் கடன்கள் முடிந்தபின் அவருடைய அலமாரியிலிருந்த காகிதங்களைப் பார்த்தோம். நான்காண்டுகளுக்கு முன் வேறொரு சிறு உபாதைக்காகச் சென்றபோது எழுதப்பட்ட சீட்டில் இரத்த அழுத்தம் 160/100 என்றிருந்தது. முந்தைய ஆண்டு ஓர் ஆய்வுக்கூடம் தந்த தாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 138 என்றிருந்தது. அவருடைய தந்தையார் நாற்பத்தெட்டாம் வயதில் வயல் வரப்பில் திடீரென விழுந்து இறந்தவர் என்பதோ எந்தச் சீட்டிலும் இல்லை. ஒரு செய்தி ஒரு மருத்துவரிடமும், மற்றொன்று ஆய்வுக்கூடத்திலும், மூன்றாவது ஊர்ப் பெரியவர்களின் நினைவிலும் கிடந்தன. மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் இல்லை. தாய்க்கிராமத்தில் வாழ்ந்த நாளில் அப்படி ஒருவர் இருந்தார். மூன்று தலைமுறையை அறிந்த அந்த வைத்தியரை விட்டு நகரத்திற்கு வந்த குடும்பம், அவருடைய இடத்தில் இன்னொருவரைத் தேடிக்கொள்ளவில்லை. நம்மவருள் பல குடும்பங்களின் நிலை இதுவே.

சைவ உணவு மட்டும் காக்குமா?

“நாம் புலால் உண்பதில்லை, ஆகையால் நமக்கு இதய நோய் வாராது” என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. புலால் மறுத்தல் நமக்கு அறம். அதனால் உடலுக்கும் நன்மைகள் உண்டு. ஆயினும் நம் உணவில் அரிசியும் சர்க்கரையும் நெய்யும் எண்ணெயில் பொரித்த பலகாரங்களும் மிகுந்து, பருப்பும் காய்கறியும் சிறுதானியமும் குறைந்துவிட்டால், புலால் இல்லை என்பது ஒன்றே நம்மைக் காவாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நாடெங்கும் 1,13,000-க்கு மேற்பட்டோரைப் பரிசோதித்து, 2023ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள் என்றும், 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாயிற்படியில் நிற்பவர்கள் என்றும் மதிப்பிட்டது. வயது வந்தோரில் நூற்றுக்கு முப்பத்தைந்து பேருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் நீரிழிவாளர்.

இந்தியரின் உடலமைப்பு குறித்தும் ஒன்று அறிய வேண்டும். பார்வைக்கு மெலிந்தவராகத் தோன்றுபவரிடத்தும் வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்புச் சேர்ந்திருக்கலாம். அக்கொழுப்பு இன்சுலின் தன் வேலையைச் செய்யவொட்டாமல் தடுக்கிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் களைத்துவிடுகிறது. அப்போதுதான் இரத்தத்தில் சர்க்கரை உயர்கிறது. மிகுந்த சர்க்கரையும் உயர்ந்த அழுத்தமும் இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்படுத்த, அங்கே கொழுப்புப் படிந்து குழாய் குறுகுகிறது. அப்படிவு என்றேனும் வெடித்து அவ்விடத்தில் இரத்தம் உறைந்தால், இதயத்தில் மாரடைப்பு, மூளையில் பக்கவாதம். நீரிழிவும் இதய நோயும் ஒரே கொடியில் காய்த்த இரு காய்கள் என்று கொள்ளலாம்.

சேலம், நாமக்கல் சமவெளியில்

நம்மவர் பலர் உத்தியோகத்தின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் வாழும் இச்சமவெளியின் வாழ்க்கை முறை கடந்த இரண்டு தலைமுறைகளில் பெரிதும் மாறிவிட்டது. களியும் கம்பங்கூழும் சோளச் சோறும் உண்டு ஏர் உழுத நிலம் இது. இன்று நாமக்கல் லாரித் தொழிலுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கும், குமாரபாளையமும் பள்ளிபாளையமும் விசைத்தறிக்கும், சேலம் வெள்ளிக் கொலுசுக்கும் பெயர் பெற்றவை. வண்டி ஓட்டுபவர் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார்; கொலுசுப் பட்டறையில் இருப்பவர் குனிந்து அமர்ந்திருக்கிறார்; தறிக்காரர் இரவுப் பணியால் உறக்கம் கெடுகிறார். நம்மவரில் மிகுதியாக உள்ள ஆசிரியர், அலுவலர், கடை உரிமையாளர் ஆகியோரோ நாற்காலியை விட்டு எழுவதே அரிது.

உணவிலும் கவனம் வேண்டும். இச்சமவெளியில் பெருமளவில் தயாராகும் ஜவ்வரிசி ஏறக்குறைய முழுதும் மாவுச்சத்தே, நார்ச்சத்து இல்லாதது, இரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றுவது. மாலை நேரத்துத் தட்டுவடை செட் சுவையானதே. ஆனால் எண்ணெயும் உப்பும் சேர்ந்தது. “வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கெடுதி செய்யா” என்று நம் தாய்மார்கள் நம்புகின்றனர். நீரிழிவாளர்க்கு வெல்லமும் சர்க்கரையே. மல்கோவாப் பருவத்தில் ஒரு நாளைக்கு இரண்டு துண்டோடு நிற்பவர் சிலரே.

குடும்ப மருத்துவர் செய்யக்கூடியது என்ன?

சேலத்தில் 1986ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. 1997ஆம் ஆண்டு தனி மாவட்டமான நாமக்கல்லும் 2022ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி பெற்றது. இதயக் குழாய் அடைப்பை நீக்கும் நிபுணர்களைத் தேடி நாம் இப்போது வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இது பெரும் பேறு. ஆயினும் நிபுணர் அடைப்பு உண்டான பின் நம்மைப் பார்ப்பவர். அடைப்பு உண்டாகாமலே காப்பது நம் தெருமுனையில் உள்ள பொது மருத்துவரால் ஆகக்கூடியது. ஆண்டுதோறும் பார்ப்பதும், தந்தையையும் மகனையும் சேர்த்து அறிவதும், சொன்னதையே சலிப்பின்றிச் சொல்வதும் அவருக்கே இயலும்.

இது வெறும் நம்பிக்கையன்று என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று கூறுவோம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கிளின்கோரூக் என்பது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஏழைச் சிற்றூர். மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டாயிரம். அங்கே குடும்ப மருத்துவராகப் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்பவர், எந்த நோய்க்காக யார் வந்தாலும் இரத்த அழுத்தத்தை அளந்து எழுதினார். வாராதவரையும் தேடிச் சென்று அளந்தார். இருபத்தைந்தாண்டுப் பணியின் விளைவை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டார். கொதிப்பு நோயாளரின் சராசரி அழுத்தம் 186/110 என்பதிலிருந்து 146/84 ஆகக் குறைந்திருந்தது. அவர்களுள் புகைப்பவர் நூற்றுக்கு 56 என்பது 20 ஆயிற்று. உடல் எடையும் இரத்தக் கொழுப்பும் பெரிதாக மாறவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அப்படியிருந்தும், அறுபத்தைந்து வயதுக்குள் இறந்தோர் தொகை, அத்தகைய பணி நடைபெறாத பக்கத்து ஊரைவிடக் குறைந்திருந்தது. அவர் கையாண்டது அழுத்தமானியும் குறிப்பேடும் பொறுமையுமே.

நம் தமிழ்நாட்டுச் சான்றும் உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நிகழ்ந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேர் அதில் பங்கு கொண்டனர். மூன்றாண்டுகளில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு அடைந்தனர். உணவைச் சீர்செய்து நாள்தோறும் அரைமணி நேரமேனும் நடக்குமாறு இடைவிடாது ஊக்கப்பட்டோருள் அத்தொகை 39 ஆகக் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை பெற்றோரிடத்தும் ஏறத்தாழ அதே பயன்தான். இரண்டையும் சேர்த்துக் கொண்டோர்க்குக் கூடுதல் நன்மை விளையவில்லை. நடையும் அளவான உணவும் மாத்திரைக்கு இணையாக நின்றன என்பதே நாம் இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம். அவ்வூக்கத்தைத் தொடர்ந்து தர ஒருவர் வேண்டும். அவரே குடும்ப மருத்துவர்.

அரசும் இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டுள்ளது. “மக்களைத் தேடி மருத்துவம்” என்னும் திட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், முற்காலத்தில் பழைய சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில் தொடங்கி வைக்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, நோயுடையோர்க்கு மாத்திரைகளை வீட்டிலேயே தருவது இதன் முறை. 2024ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பன்முகமைப் பணிக்குழு இத்திட்டத்திற்கு விருது அளித்தது. “நமக்கு வசதி உண்டு, அரசு மாத்திரை எதற்கு?” என்று வாயிலிலேயே அவரைத் திருப்பி அனுப்புவது தகாது. மாத்திரை வேண்டாதவரும் அளவைப் பார்த்துக்கொண்டு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டியவை

கீழ்க்கண்டவற்றை ஒவ்வோர் இல்லத்தாரும் தம் மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கேட்டுப் பெறுவாராக.

1. குடும்ப வரலாறு. தந்தை அல்லது உடன்பிறந்த ஆண்களுக்கு ஐம்பத்தைந்து வயதுக்குள்ளும், தாய் அல்லது உடன்பிறந்த பெண்களுக்கு அறுபத்தைந்து வயதுக்குள்ளும் மாரடைப்பு வந்திருந்தால் அதனை மருத்துவரிடம் தவறாமல் கூறுக.

2. இரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின் அளத்தல் வேண்டும். வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் காணப்பட்டால் அது கொதிப்பு.

3. இடுப்புச் சுற்றளவு. ஆண்கள் 90 சென்டிமீட்டருக்கும் பெண்கள் 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டு இருத்தல் நன்று. எடையைவிட நம்மவர்க்கு இவ்வளவே நன்கு உண்மை கூறும்.

4. இரத்தச் சர்க்கரை. முப்பது வயது முதல் பார்க்க வேண்டும். குடும்பத்தில் நோய் உண்டெனில் அதற்கு முன்பே பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் இயல்பு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும். துன்பம் ஒன்றும் இல்லாதவர்க்கு மறுசோதனை செய்து உறுதிப்படுத்துவது முறை.

5. தாய்மார்கள். கருவுற்ற காலத்தில் சர்க்கரை உயர்ந்திருந்தவர்கள், குழந்தை பிறந்ததும் எல்லாம் நீங்கியது என்று இருந்துவிடுகின்றனர். பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்கு மிகுதி. பேறு முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் ஒருமுறையும், பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியில் வாழ்நாள் முழுதும் சோதித்தல் வேண்டும்.

6. நோய் உறுதியானவர்கள். ஆண்டுதோறும் கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், பாதங்களின் உணர்ச்சி, இரத்தக் கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும்.

7. மருந்தை நிறுத்துதல். “அளவு சரியாகிவிட்டது” என்று மாத்திரையைத் தாமே நிறுத்துவது பெருந்தவறு. அளவு சரியானது மாத்திரையால். நிறுத்தினால் மீண்டும் ஏறும்.

வாணிகம் செய்வோர் பேரேட்டைக் கண்போல் காக்கின்றனர். அதுபோல இல்லத்திற்கு ஒரு நலக் குறிப்பேடு வைத்து, ஒவ்வொருவர்க்கும் நான்கு பக்கம் ஒதுக்கி, மேற்கண்டவற்றைத் தேதியிட்டு எழுதி வருக. வேறு ஊரில் வேறு மருத்துவரைக் காண நேரினும் அவ்வேடு உடன் செல்லட்டும். நம் உறவினரின் அலமாரியில் சிதறிக் கிடந்த சீட்டுகள் ஓர் ஏட்டில் இருந்திருந்தால், எந்த மருத்துவர் கண்ணுக்கும் அவை தப்பியிரா.

நோன்பும் மருந்தும்

நம் சமூகத்தார் தனியே கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, நோன்பு. கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் வழக்கம் செரிமானத்திற்கு உகந்தது. ஆயினும் மாலை உணவுக்கும் மறுநாள் காலை உணவுக்கும் இடையே பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் செல்கிறது. இன்சுலின் ஊசி போடுவோரும், கிளிமிபிரைடு போன்று இன்சுலினைத் தூண்டும் மாத்திரை உட்கொள்வோரும் இதனை மருத்துவரிடம் சொல்லியே மருந்தின் அளவையும் நேரத்தையும் அமைத்துக்கொள்ள வேண்டும். அட்டமி, சதுர்த்தசி நாட்களிலும் தசலட்சணப் பருவத்திலும் உபவாசம் இருப்போர், ஒரு வாரம் முன்னதாகவே ஆலோசனை பெறுக. மருந்தை வழக்கம்போல் உட்கொண்டு உணவை விட்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, சொல் குழறல் ஆகியன அதன் அறிகுறிகள். அந்நிலையில் உடனே சர்க்கரை நீரோ குளுக்கோஸோ கொடாவிடில் உயிருக்கே இடராகும். தம் வலிமைக்கு ஏற்பவே தவம் செய்ய வேண்டும் என்று நம் பெரியோர் கூறியுள்ளனர். நோயாளர் உணவைக் குறைத்து நோற்பதற்கும், சுவை ஒன்றைத் துறந்து நோற்பதற்கும் நம் நெறியில் இடமுண்டு. மருத்துவருக்கு நம் வழக்கங்கள் தெரியாதிருக்கலாம். எடுத்துச் சொல்வது நம் கடமை.

இரண்டாவது, பன்னிரண்டாம் பி உயிர்ச்சத்து. இது தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. மெட்பார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோர்க்கு இச்சத்து மேலும் குறைகிறது. பாதம் மரத்துப்போதலும் எரிச்சலும் நீரிழிவாலும் உண்டாகும். இச்சத்துக் குறைவாலும் உண்டாகும். “சர்க்கரையால் வந்தது” என்று விட்டுவிடாமல் இதற்கும் ஒரு சோதனை செய்யுமாறு மருத்துவரைக் கேட்டுக்கொள்க. குறை காணப்பட்டால் மாத்திரையாலோ ஊசியாலோ தீர்த்துக்கொள்ளலாம்.

மருத்துவத்தின் நான்கு கால்கள்

நாம் போற்றும் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் இறுதியில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அவை. மருத்துவரும் மருந்தும் நான்கில் இரண்டே. மற்ற இரண்டும் இல்லத்திற்குள் உள்ளவை. கணவருக்குச் சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டிப் பரிமாறும் இல்லத்தரசியும், தாயின் மாத்திரையை நினைவூட்டும் மகனும், பாட்டனாரோடு மாலையில் நடக்கும் பேரனும் மருத்துவத்தின் கால்களே ஆவர். இல்லத்தரசியின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்வோர் மட்டும் வீட்டில் அரியர், இக்குறையையும் நீக்குக.

ஆதலின் அன்பர்களே, இவ்விதழ் உங்கள் கைக்கு வந்த காலாண்டிலேயே ஒன்று செய்யுங்கள். நோய் ஒன்றும் இல்லாத ஒரு நாளில், அருகிலுள்ள நல்ல பொது மருத்துவர் ஒருவரிடம் குடும்பத்தோடு செல்லுங்கள். “எங்களுக்கு இப்போது நோவு ஒன்றுமில்லை, எங்களை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுதோறும் வருவோம்” என்று கூறுங்கள். ஆலயத்தில் ஒன்றுகூடும் நாட்களில் நம் சமூகத்து மருத்துவர்கள் முன்வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்களாயின், அது நான்கு தானங்களுள் ஒன்றாகிய மருந்து தானத்தின் பயனையே தரும். அளந்து பார்த்து, எழுதி வைத்து, வருமுன் காப்போமாக.

நலம் பெருகுக! அறம் வளர்க!